மூச்சிழந்த வேனும் மூணாற்று மலைவழியும்

கொச்சித் துறைமுகக் காயலின் மேற்குக் கரையிலே நீண்டு கிடக்கும் மட்டாஞ்சேரி, பல மொழியினர் கூடி வாழும் ஊர் என்பதை அன்பர்கள் யாவரும் அறிவர். பஜார் ரோட்டில் ஒரு நாழிகை நடந்தால் மலையாளம், கொங்கணி, குஜராத்தி, கச்சி, தமிழ் ஆகிய ஐந்தும் ஒருங்கே செவியில் விழும். சுக்கும் மிளகும் ஏலக்காயும் கிடங்குகளில் குவிந்து மணக்கும். 1555-ல் போர்த்துக்கீசியர் கட்டிக் கொச்சி மன்னருக்கு அளித்ததும், 1663-ல் டச்சுக்காரர் பழுது பார்த்ததால் ‘டச்சு அரண்மனை’ எனப் பெயர் பெற்றதுமான மாளிகை இங்கேதான் இருக்கிறது. அதன் அருகே 1568-ல் எழுந்த யூதர் தொழுகைக் கூடமும் உண்டு. வெளியூரார் இவற்றைக் கண்டு படம் பிடித்துக்கொண்டு செல்வர்.

அவர்கள் கண்ணில் அதிகம் படாதது இவ்வூரின் தமிழ் வாழ்வு. கோட்டைக் கொச்சியின் வெளி என்னும் பகுதியிலே சலவைத் தொழில் செய்யும் தமிழ்க் குடும்பங்கள், தம் முன்னோர் டச்சுக்காரர் காலத்தில் படைவீரரின் உடைகளை வெளுக்க அழைத்து வரப்பட்டவர் என்று வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். 1976-ல் அவர்களுக்கெனக் கட்டப்பட்ட சலவைக்கூடத்தில் இன்றும் கல்லில் துணி அறையும் ஓசை கேட்கிறது. மளிகை, பாத்திரம், தையல், சுமைப்பணி, அலுவலகப் பணி என்று பின்னாளில் வந்து சேர்ந்தோர் பலர். எத்தனை தலைமுறை கடந்தாலும், நல்லதுக்கும் கெட்டதுக்கும் ஊருக்குப் போய்வரும் கடமை நமக்கு அறுவதில்லை. அந்தப் போக்குவரத்தைப் பற்றியும், அதற்கு நம் சங்கம் வைத்திருக்கும் பழைய வேனைப் பற்றியும், அது மலையிலே மூச்சிழந்து நின்றதன் காரணத்தைக் கண்டறிந்த விதத்தைப் பற்றியுமே இக்கட்டுரை.

ரயில் சுற்றிவரும் மலை

கோவை, சேலம் செல்வோருக்குப் பாலக்காட்டுக் கணவாய் இருக்கிறது. தென்காசி, திருநெல்வேலி செல்வோருக்குக் கொல்லம், புனலூர், செங்கோட்டை வழியுண்டு. அகலப்பாதைப் பணிகள் முடிந்து 2018-ல் அவ்வழி முழுமையாகத் திறந்தது. ஆனால் தேனி, போடி, கம்பம் பகுதியைச் சேர்ந்த நம்மவர்க்கு நேரான ரயில் இல்லை. மதுரையிலிருந்து போடிநாயக்கனூர் வரை அகலப்பாதை அமைந்து 2023-ல் மீண்டும் வண்டி ஓடத் தொடங்கிற்று எனினும், அது மலையின் கிழக்கு அடிவாரத்தோடு நின்றுவிடுகிறது. இடையே நிற்பது மேற்குத் தொடர்ச்சி மலை.

இம்மலையைக் கடக்க மனிதர் பட்ட பாடு சிறிதன்று. மூணாற்றுத் தேயிலையைக் கீழே இறக்குவதற்காகக் குண்டளைப் பள்ளத்தாக்கிலே 1902-ல் ஒற்றைத் தண்டவாளப் பாதை ஒன்று அமைத்தனர். 1908-ல் அதை இரண்டடி அகலச் சிறு ரயில்பாதையாக மாற்றினர். மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை ரயில், அங்கிருந்து கம்பிவடத்திலே கொட்டகுடிக்கு, பின்னர் போடிக்கு. இவ்வாறு தேயிலைப் பெட்டிகள் தமிழ்நாட்டுப் பக்கமாகவே இறங்கின. 1924 ஜூலை மாதம் பெய்த பெருமழை அந்தச் சிறு ரயிலை அடியோடு அழித்துவிட்டது. கொல்லம் ஆண்டு 1099-ல் நிகழ்ந்ததால் மலையாளிகள் அதைத் ‘தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்’ என்பர். பழைய ஆலுவா – மூணாறு சாலையும் அவ்வெள்ளத்திலே குலைந்தது. அதற்குப் பின்னரே நேரியமங்கலம் வழியாகப் புதிய சாலை ஏற்பட்டது. பெரியாற்றின் குறுக்கே அங்குள்ள வளைவுப் பாலம் 1935-ல் திறக்கப்பட்டது.

இன்று நாம் செல்லும் வழியும் அதுவே. முன்னர் கொச்சி – தனுஷ்கோடி நெடுஞ்சாலையாக 49 என்றும் இப்போது 85 என்றும் எண் தாங்கிய தேசிய நெடுஞ்சாலை. மூவாற்றுப்புழை, கோதமங்கலம் வரை பெரிய ஏற்றம் இல்லை. நேரியமங்கலம் பாலம் கடந்ததும் காடு தொடங்கும். அத்துடன் ஏற்றமும் தொடங்கும். சீயப்பாறை, வாளறை அருவிகளைத் தாண்டி அடிமாலி. அதற்கு மேல் மூணாறு, கடல்மட்டத்துக்கு ஏறக்குறைய 5,000 அடி உயரம். பின்னர் தேவிகுளம், பூப்பாறை, போடிமெட்டு. அங்கிருந்து பதினேழு கொண்டை ஊசி வளைவுகள் இறங்கினால் போடி. பகலில் சென்றால் இத்துணை அழகான பாதை வேறில்லை எனலாம். இரவில், மழையில், ஓடமாட்டேன் என்னும் வண்டியில் சென்றால் அதன் முகமே வேறு.

ஐப்பசி இரவு

சென்ற ஆண்டு ஐப்பசி மாதத்தில் ஓர் இரவு, நம் சங்கத்து அன்பர் ஒருவரின் தாயார் போடிக்கு அருகிலுள்ள சிற்றூரில் காலமானார் என்ற செய்தி வந்தது. அவர் ஒரே மகன். மறுநாள் காலை எட்டு மணிக்கு எடுப்பதென்று ஊரார் முடிவு செய்திருந்தனர். பதின்மூன்று பேர் வேனில் ஏறினோம். மணி பதினொன்று.

மட்டாஞ்சேரியிலிருந்து கோதமங்கலம் வரை குறையொன்றும் தெரியவில்லை. நேரியமங்கலம் பாலத்தைத் தாண்டிய பின்னர்தான் ஓட்டுநர் முகம் மாறிற்று.

“தம்பி, கால் முழுக்க அமுக்கியும் வண்டி இழுக்க மாட்டேங்குது. மூச்சு வாங்குது” என்றார்.

“அண்ணே, பாரம் அதிகமோ?” என்று கேட்டேன்.

“போன வருஷம் பதினைந்து பேரை ஏத்திக்கிட்டு மூணாவது கியரில் ஏறின வண்டி இது” என்றார் அவர்.

மூன்றாவது கியர் தாங்கவில்லை, இரண்டாவதில் ஊர்ந்தோம். பின்பக்கம் கரும்புகை. முன்பக்கம் எங்கிருந்தோ ‘உஸ்’ என்ற ஓசை, காலை அமுக்கும்போது மட்டும் எழுந்தது. வெப்பமானியின் முள் ஏறும்போதெல்லாம் ஓரமாக நிறுத்தி ஆறவிட்டோம். யானைகள் சாலையைக் கடக்கும் காடு அது. விளக்கை அணைக்கவும் மனமில்லை. இறங்கி நிற்கவும் துணிவில்லை. ஒரு மணி நேரத்தில் ஏறும் அடிமாலிக்கு இரண்டரை மணி நேரம் பிடித்தது. தாயை இழந்தவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. ஒவ்வொரு முறை வண்டி நின்றபோதும் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். உடன் வந்த பெரியம்மா மட்டும், “ஊர்க்காரங்க பிள்ளை வராம எடுக்க மாட்டாங்கப்பா” என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவர் சொன்னபடியே நடந்தது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்பதரை. ஊரார் காத்திருந்தனர். மகன் கையால் கொள்ளி வைத்தாயிற்று. ஆயினும் அந்த ஒன்றரை மணி நேரக் காத்திருப்பு அனைவர் நெஞ்சிலும் முள்ளாகத் தைத்தது. நெஞ்சுவலிக்காரர் ஒருவரை ஏற்றிக்கொண்டு வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற எண்ணம் எழாதவர் இல்லை.

முப்பத்தெட்டாயிரம் ரூபாய்

திரும்பி வந்ததும் நகரத்துப் பழுதுபார்க்கும் நிலையம் ஒன்றில் வேனைக் காட்டினர். அங்கே முன்மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, “டர்போ போய்விட்டது, புதிதாக மாற்ற வேண்டும். கூலி நீங்கலாக 38,000 ரூபாய்” என்று எழுதிக் கொடுத்தனர். சங்கத்தின் கையிருப்பு அப்போது 50,000 ரூபாயைச் சற்றே தாண்டியிருந்தது. அதுவும் பிள்ளைகளின் பள்ளிப் புத்தகத்துக்கும் சீருடைக்கும் என ஒதுக்கி வைத்த தொகை. செயற்குழு கூடிற்று. பதினான்கு ஆண்டான வண்டியை விற்றுவிடலாம் என்றனர் சிலர். விற்றால் கிடைப்பதைக் கொண்டு வேறு வண்டி வாங்க முடியுமா என்றனர் சிலர். புத்தக நிதியைத் தொடக் கூடாது என்று தாய்மார்கள் உறுதியாக நின்றனர்.

அக்கூட்டத்தில் பின்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் எழுந்தார். ரயில்வே டீசல் பணிமனையில் முப்பதாண்டு பிட்டர் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், நம் உறுப்பினர். அதிகம் பேசாதவர்.

“டர்போ செத்துப்போச்சுன்னு யார் சோதிச்சுப் பார்த்தது? மூச்சு வாங்குறவனுக்கெல்லாம் நெஞ்சை அறுத்து இருதயத்தை மாத்துவாங்களா? முதல்ல மூக்கு அடைச்சிருக்கான்னு பார்க்கணும். ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்குக் கொடுங்க” என்றார்.

குழுவினர் இசைந்தனர்.

டர்போ என்பது யாது?

நம் வீடுகளில் வண்டி வைத்திருப்போர் பலரும், வாடகை வேன் ஓட்டிப் பிழைப்போர் சிலரும் இருத்தலால், பெரியவர் விளக்கியதை ஈண்டு எளிய முறையில் தருகிறேன்.

ஒரு கிலோ டீசல் முழுவதும் எரிய ஏறக்குறைய பதினாலரை கிலோ காற்று வேண்டும். டீசலைக் கூடுதலாக ஊற்றுவது எளிது. காற்றைக் கூடுதலாகப் புகுத்துவதுதான் அரிது. இக்குறையைத் தீர்க்க ஸ்விட்சர்லாந்து நாட்டுப் பொறியாளர் ஆல்பிரட் பூச்சி என்பார் ஒரு வழி கண்டு 1905-ல் காப்புரிமை பெற்றார். யந்திரத்திலிருந்து வீணே வெளியேறும் சூடான புகை ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே அச்சின் மறுமுனையிலுள்ள மற்றொரு சக்கரம் வெளிக்காற்றை உள்ளிழுத்து, அழுத்தி, யந்திரத்துக்குள் தள்ளுகிறது. இதுவே டர்போ. அவ்வாறு தள்ளப்படும் அழுத்தத்தையே பணிமனைக்காரர் ‘பூஸ்ட்’ என்கின்றனர். சிறு வண்டிகளில் இந்த அச்சு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும்.

மலைக்கும் டர்போவுக்கும் நெருங்கிய உறவுண்டு. மூணாற்று உயரத்தில் காற்றழுத்தம் கொச்சியில் இருப்பதைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. எனவே, டர்போ இல்லாத யந்திரம் அங்கே அந்த அளவு ஆற்றலை இழக்கும். 1918-ல் அமெரிக்க நாட்டில் சான்போர்டு மாஸ் என்னும் பொறியாளர், 14,000 அடிக்கு மேல் உயர்ந்த பைக்ஸ் பீக் சிகரத்துக்கு ஒரு விமான யந்திரத்தைக் கொண்டு சென்று, டர்போவின் துணையால் அது கடல்மட்டத்து ஆற்றலை அங்கேயும் தரும் என்று மெய்ப்பித்துக் காட்டினார். நம் ரயில்வேயில் 1960-களில் வந்த ஆல்கோ வகை டீசல் யந்திரங்கள் புறப்படும்போது வானளாவக் கரும்புகை கக்கியது பலருக்கு நினைவிருக்கும். டீசல் உடனே பாயும். டர்போ வேகம் பிடித்துக் காற்றைத் தருவதற்குள் சில நொடி ஆகும். அந்த இடைவெளியே அப்புகை.

“அந்தப் புகை சில நொடியில் அடங்கினா நோயில்லை. ஏற்றம் முழுக்க அடங்காம வந்தா, எங்கேயோ காற்று குறையுதுன்னு அர்த்தம்” என்றார் பெரியவர்.

இதிலிருந்து மட்டாஞ்சேரிக்காரர் அறிய வேண்டியது ஒன்றுண்டு. நம் ஊர் கடல்மட்டத்தோடு கிடக்கும் சமநிலம். தோப்பும்படிப் பாலமும் குண்டன்னூர் மேம்பாலமுமே இங்கே நமக்குக் கிட்டும் மேடுகள். டர்போவின் முழு உழைப்பையும் கேட்கும் ஏற்றம் இவ்வூரில் இல்லை. ஆகவே பூஸ்ட் பாதி குறைந்தாலும் இங்கே ஓடும் வண்டி அதைக் காட்டிக்கொடாது. மாதக்கணக்கில் மறைத்து வைத்து, காட்டு நடுவே ஏற்றத்திலேதான் வெளியிடும். மேலும் உப்புக் காற்று இங்கே இரும்பை ஓயாது தின்கிறது. குழாய்களை இறுக்கும் கிளாம்ப்பு வளையங்கள் துருப்பிடித்துத் தளர்வதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

ஞாயிற்றுக்கிழமைச் சோதனை

பெரியவரின் முறை ஒன்றே: செலவில்லாத சோதனையை முதலில் செய்; செலவுள்ளதைக் கடைசியில் வை.

முதலாவது, குற்றம் டர்போ பக்கந்தானா என்று உறுதி செய்தல். யந்திரத்தின் சுற்று ஏறியும் வண்டி ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது என்று பொருள். எங்கள் வேனில் சுற்றும் ஏறவில்லை. ஆகவே கிளட்ச் அன்று. சற்றுத் தூரம் ஓட்டி நிறுத்திச் சக்கரக் குடங்களைத் தொடாமல் அருகே கைவைத்துப் பார்த்தார். ஏதேனும் ஒன்று மட்டும் அனலாகக் கொதித்தால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கும். அதுவும் இல்லை. கரும்புகை வந்தமையால் டீசல் வருகிறது, காற்றுதான் போதவில்லை என்பது தெளிவாயிற்று. புகையே இல்லாமல் இழுவையும் இல்லாவிட்டால் டீசல் வடிகட்டியையும் பம்பையும் முதலில் பார்க்க வேண்டும். சில பழைய வண்டிகளில் பம்பின் தலையில் ஒரு சவ்வு உண்டு. டர்போக் காற்று மெல்லிய குழல் வழியே வந்து அதை அழுத்தும்போதே பம்பு கூடுதல் டீசல் தரும். அந்தக் குழல் கிழிந்தால் புகையின்றி ஆற்றல் குறையும். எங்கள் வேனில் அவ்வமைப்பு இல்லை.

இரண்டாவது, காற்று வடிகட்டி. அதைக் கழற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தார். தூசு இருந்தது, அடைப்பு இல்லை. எனினும் புதியது போடச் சொன்னார்.

மூன்றாவது, அழுத்தமானி. உள்ளிழுக்கும் குழாயில் ஒரு கிளை இணைப்பு வைத்து, சிறு அழுத்தமானியைப் பொருத்தி, ஓட்டுநர் பக்கம் தெரியுமாறு கட்டினார். ஆட்களை ஏற்றிக்கொண்டு குண்டன்னூர் மேம்பாலத்தில் முழு விசையில் ஏறினோம். இவ்வகை வண்டியில் பத்துப் பவுண்டை ஒட்டி நிற்க வேண்டிய முள் மூன்று பவுண்டிலேயே நின்றது. நோய் உண்மை என்பது எண்ணால் உறுதியாயிற்று.

நான்காவது, கசிவு. யந்திரத்தை நிறுத்தி, நன்றாக ஆறவிட்டு, டர்போவின் வாயை ஒரு மூடியால் அடைத்தார். அம்மூடியில் டயர் வால்வு ஒன்றை ஏற்கெனவே பொருத்தியிருந்தார். டயர்க் கடையின் காற்றுக் குழாயை அதில் வைத்து, பத்துப் பவுண்டுக்கு மேல் போகாமல் மெல்லக் காற்றடைக்கச் சொன்னார். பின்னர் சோப்பு நீரைத் தூரிகையால் ஒவ்வோர் இணைப்பிலும் தடவிக்கொண்டே வந்தார். டர்போவிலிருந்து இன்டர்கூலருக்குச் செல்லும் ரப்பர்க் குழாயின் அடிப்பக்கத்தை அடைந்ததும் நுரை பொங்கி எழுந்தது. நாங்கள் குனிந்து பார்த்தோம். விரல் நீளத்துக்கு ஒரு வெடிப்பு. காற்றடைப்பதை நிறுத்தியதும் அதன் இதழ்கள் ஒட்டிக்கொண்டன. வெடிப்பு இருந்த இடமே தெரியவில்லை. மேலிருந்து பார்த்தவர் கண்ணுக்கு அது எப்படிப் படும்?

வெடிப்பின் காரணத்தையும் அவர் காட்டினார். யந்திரத்தின் உள்ளிருந்து வரும் எண்ணெய் ஆவி சிறிதளவு உள்ளிழுக்கும் குழாயில் கலப்பது இயல்பு. அது குழாயின் அடியில் தேங்கி, எண்ணெய் தாங்காத மலிவு ரப்பரை ஊறவைத்து மென்மையாக்குகிறது. மென்மையான இடத்தில் கிளாம்ப்பு அறுக்கிறது. கிளாம்ப்போ துருப்பிடித்து ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது.

அத்தோடு நிறுத்திவிடவில்லை. “ஒரு குற்றம் கிடைச்சதும் மற்றதைப் பார்க்காம விடக்கூடாது” என்று சொல்லி டர்போவையும் பார்த்தார். மிகையான அழுத்தத்தை வெளியேற்றும் வேஸ்ட்கேட் என்னும் கதவு திறந்தபடி சிக்கிக்கொண்டால் பூஸ்ட் ஏறாது. மூடியபடி சிக்கினால் அளவு மீறி ஏறி யந்திரத்தையே கெடுக்கும். கைப்பம்பினால் அதன் ஆக்சுவேட்டருக்குக் காற்றுக் கொடுத்தார். கம்பி தடையின்றி நீண்டு, தடையின்றி மீண்டது. பின்னர் டர்போவின் அச்சை விரலால் அசைத்தார். பக்கவாட்டில் மயிரிழை அசைவு இருப்பது இயல்பு. சக்கரத்தின் இதழ் சுவரில் உராய்ந்த தடம் இருந்தால்தான் டர்போ தேய்ந்தது என்று பொருள். தடம் இல்லை. நீலப்புகை வந்து எண்ணெய் குறைந்துகொண்டே போனாலும் டர்போவின் அடைப்பான்களை ஐயுற வேண்டும். எங்கள் வேனில் எண்ணெய் குறையவில்லை. டர்போவுக்கு முன்னுள்ள புகைக்குழாய் இணைப்பில் கரிபடிந்த கசிவுத் தடம் உண்டா, சைலன்சர் அடைத்திருக்கிறதா என்பவற்றையும் பார்த்து முடித்தார்.

எண்ணெய் தாங்கும் புதிய குழாய், துருப்பிடிக்காத எஃகுக் கிளாம்ப்புகள் நான்கு, காற்று வடிகட்டி ஆகிய மூன்றுக்கும் சேர்த்து ஆன செலவு 2,640 ரூபாய். பெரியவர் கூலி வாங்க மறுத்துவிட்டார். முப்பத்தெட்டாயிரம் எங்கே, இது எங்கே!

அரிசி மூட்டையோடு மலையேற்றம்

பழுது நீங்கிற்று என்பதை மேம்பாலத்தில் மட்டும் நம்பிவிட முடியாது என்று பெரியவர் வற்புறுத்தினார். ஆட்களை வைத்துச் சோதிக்கவும் மனம் ஒப்பவில்லை. பஜார் ரோட்டு வணிக அன்பர் ஒருவர் ஐம்பது கிலோ அரிசி மூட்டைகள் பன்னிரண்டைக் கடனாக ஏற்றிவிட்டார். ஓட்டுநர், பெரியவர், நான் ஆகிய மூவரும் விடியற்காலையில் புறப்பட்டோம்.

கோதமங்கலத்தில் தேநீர் அருந்திவிட்டு நேரியமங்கலம் பாலத்தை அடைந்தபோது பெரியாற்றின்மேல் பனிமூட்டம் விலகிக்கொண்டிருந்தது. அந்த வளைவுகளின் நிழல் நீரில் விழுந்து முழு வட்டங்களாகத் தோன்றிற்று. அன்றிரவு இருளில் காணாத காட்சி. பாலம் கடந்து ஏற்றம் தொடங்கியதும் மூவரும் பேச்சை நிறுத்திவிட்டு முள்ளைப் பார்த்தோம். ஐந்து, எட்டு, பதினொன்று! மூன்றாவது கியரிலேயே வண்டி ஏறிற்று. ‘உஸ்’ ஓசை இல்லை. பின்பக்கக் கண்ணாடியில் புகை இல்லை. சீயப்பாறை அருவியின் முன் நிறுத்தினோம். மழைக்காலம் முடிந்தும் நீர் படிப்படியாகப் பாறையில் வழிந்துகொண்டிருந்தது. ஓட்டுநர் யந்திரத்தை உடனே அணைக்காமல் இரண்டு நிமிடம் சும்மா ஓடவிட்டார். ஏற்றம் ஏறிய டர்போ கொதித்துக்கொண்டிருக்கும். உடனே அணைத்தால் எண்ணெய் ஓட்டம் நின்று, உள்ளே எஞ்சிய எண்ணெய் கரியாகி அச்சைக் கெடுக்கும் என்பது காரணம்.

அடிமாலி வரை சென்றோம். சரியாக ஒரு மணி நேரம்.

நாம் செய்ய வேண்டுவன

இந்நிகழ்ச்சியின் பின் செயற்குழு சில முடிவுகள் செய்துள்ளது. ஊருக்கு வண்டியில் செல்லும் குடும்பத்தாருக்கும் இவை பயன்படும்.

வேனுக்கென ஒரு குறிப்பேடு வைக்கப்பட்டுள்ளது. எண்ணெய் மாற்றிய நாள், வடிகட்டி மாற்றிய நாள், பூஸ்ட் அளவு ஆகியவை அதில் எழுதப்படும். மாதம் ஒருமுறை முழுப் பாரத்தோடு மேம்பாலத்தில் ஏற்றி முள்ளின் அளவைக் குறிக்க வேண்டும். சமநிலத்து ஊரில் இருப்போருக்கு இதைவிட எளிய எச்சரிக்கை கிடையாது. ஆண்டுக்கு ஒருமுறை, தென்மேற்குப் பருவமழைக்கு முன், எல்லாக் காற்றுக் குழாய்களையும் கழற்றி அடிப்பக்கத்தைப் பார்க்க வேண்டும். டர்போ அச்சு எண்ணெயின் மேலேயே மிதந்து சுழல்வதால், எண்ணெயைக் காலம் தாழ்த்தாது மாற்றுவதே அதற்கு ஆயுள். டர்போவைத் திறந்து வைத்து யந்திரத்தை ஓட்டுவது மிகுந்த ஆபத்து. துணியோ விரலோ இழுபட்டுவிடும். சிறுவரை அருகில் விடலாகாது.

எவரேனும் பெரிய உறுப்பை மாற்ற வேண்டும் என்று சொன்னால், “எந்தச் சோதனையில் அது தெரிந்தது? அளவு எவ்வளவு?” என்று மரியாதையாகக் கேட்பது நம் உரிமை. நல்ல தொழிலாளி அக்கேள்விக்கு முகம் சுளிக்கமாட்டார்.

புத்தக நிதி தொடப்படவில்லை. ஜூன் மாதம் பிள்ளைகளுக்குப் புத்தகங்களும் சீருடைகளும் வழக்கம்போல் வழங்கப்பட்டன. டர்போ மாற்றுவதற்கென எழுதிக் கொடுத்த அந்தத் தாள் குறிப்பேட்டின் முதற்பக்கத்தில் ஒட்டப்பட்டிருக்கிறது. பெரியவர் இப்போது ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு காலையில், சங்கக் கட்டடத்தின் முன் இளைஞர்களுக்கு வண்டிப் பராமரிப்புக் கற்றுத்தர இசைந்துள்ளார். ஓட்டுநர் தொழில் செய்வோரும், செய்ய விரும்புவோரும், பழைய வண்டி வைத்திருப்போரும் வந்து பயன்பெறலாம். கைத்துடைக்கப் பழந்துணி ஒன்று கொண்டுவந்தால் போதும்.